எதிரே வருகிறவர்களுக்கெல்லாம்

நோபல் பார்க் புறநகரிலிருந்து என்னை விமான நிலையத்துக்கு ஏற்றிச்சென்ற டாக்சிக்காரருக்கு நரைத்த மீசை, மடிப்புக் குலையாத நீலச் சட்டை. தெருவில் எதிரே வந்த ஒவ்வொரு காருக்கும் கையை உயர்த்திக் காட்டினார். ஒருவரும் திரும்பக் காட்டவில்லை.

“தெரிஞ்ச ஆக்களோ அண்ணை?”

“இல்லைத் தம்பி. நவுறுத் தீவில அகதியா இருக்கேக்க வான் ஓட்டினனான். தீவைச் சுத்தி ஒரேயொரு றோட்டு. கண்ட ஆளை அரை மணித்தியாலத்தில திரும்பக் காணலாம். எல்லாரும் கை காட்டுவினம்.”

“இங்க ஆரைத் திரும்பக் காணப்போறம்?”

“அதுதான் தம்பி. இனிக் காணாத ஆக்களுக்கெல்லோ கட்டாயம் காட்டவேணும்.”

பெட்டியை இறக்கித் தந்துவிட்டு அவர் புறப்பட்டபோது நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால், தூரத்தில் டாக்சி ஜன்னலுக்கு வெளியே அவர் கை உயர்ந்திருந்தது. அவசரமாக நானும் காட்டினேன்.

கண்ணாடியில் கண்டாரோ என்னவோ.