உமையம்மாளின் நாக்கு

கொல்லயில் என்ற ஊரில் ஓர் ஆயுர்வேத மருந்துசாலையில் இருபத்தாறு வருடம் வேர் பொறுக்கியவள் உமையம்மாள். வந்திறங்கும் மூட்டைகளில் கல், மண், பூஞ்சை பிடித்தது, வேறு செடியின் வேர் எல்லாவற்றையும் பிரித்து எறிவது அவள் வேலை. அரசாங்கக் கணக்கு எழுதிய சைவக் குடும்பத்துப் பெண் இந்த வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களில் ஒருவரும் அவள் வீட்டில் ஒருநாள்கூட உலை வைத்ததில்லை.

அங்கே குழந்தைகளுக்கு ஒரு தூள் செய்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, பல் முளைக்கும்போது வரும் சிணுங்கல், எதுவானாலும் தேனில் குழைத்து நாக்கில் தடவலாம். அதன் முக்கியச் சரக்கு அதிவிடயம். இமயமலையில் மரங்கள் முடிந்துபோகும் உயரத்துக்கும் மேலே, பனி உருகிய புல்வெளியில் தானாக முளைக்கும் செடி. முக்காடு போட்டதுபோல் பூ; நீலத்தில் ஊதா நரம்புகள். கிழங்கைத் தோண்டித் தோண்டி அந்தச் செடி அரிதாகிவிட்டது. அதனால் அதே முக்காட்டுப் பூ பூக்கும் உறவுச் செடிகளின் கிழங்குகளும் மூட்டையில் ஏறின. அந்த உறவில் ஒன்று வச்சநாபி. இதயத்தை நிறுத்த அதில் கொஞ்சம் போதும்.

காய்ந்து நறுக்கியபின் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். மருந்துசாலையில் சோதனைக்கூடம் என்று பலகை மாட்டிய அறை இருந்தது. உள்ளே விளம்பரத் தட்டிகள் அடுக்கியிருந்தார்கள். உண்மையான சோதனைக்கூடம் உமையம்மாளின் நாக்குதான். ஒரு துண்டை உடைத்து நாக்கு நுனியில் வைப்பாள், துப்புவாள், நூறு எண்ணுவாள். கசப்பு மட்டும் என்றால் அதிவிடயம். சுருக்கென்று குத்தி மரத்துப்போனால் வச்சநாபி. மூட்டைக்கு ஒரு துண்டு, மேலாக எடுத்தது. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் மூன்று மூட்டைகள் வந்தன. முதல் இரண்டும் கசந்தன, அரவைக்குப் போயின. மூன்றாவது சரிந்து கொட்டியதில் அடியில் கிடந்த துண்டு கையில் வந்தது. அறுபது எண்ணும் முன்பே உதடுவரை மரத்துவிட்டது. அடியிலிருந்து இன்னும் நாலு எடுத்தாள். மூன்று மரத்தன. முதல் இரண்டு மூட்டைகளின் அடியை அவள் தொடவே இல்லை. எழுந்து ஓடினாள். அரவை முடிந்து, தொகுதி எண் அடித்த டப்பாக்களில் தூள் நிறைந்துகொண்டிருந்தது.

நிர்வாகம் பார்ப்பது முதலாளியின் மகன் வினீத். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சாறே, அந்தத் தூள வெளிய விடப்பிடாது. எனக்க நாக்கு மரத்துப்போச்சு."

"அக்கா காலம்பற என்னத்தத் தின்னிய?"

"விளையாடாதீங்க. பிள்ளையளுக்குக் குடுக்குத மருந்தாக்கும். லேபுக்கு அனுப்புங்க."

"சரக்குக்கு சர்ட்டிபிகேட் உண்டு. ஒங்க நாக்குக்கு உண்டா?"

டப்பா அடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டாயிரம் வருசத்து மருந்தாக்கும் அக்கா. ஒண்ணும் வராது" என்றான் வினீத்.

வச்சநாபியை நஞ்சு என்று எழுதி வைத்ததும் அந்தப் பழைய வைத்தியர்கள்தான். அவர்கள் பெயரில் விற்பவன் அவர்களைப் படித்ததில்லை.

அவள் ஒரு கைப்பிடி துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். முத்திரை வைக்காத சாம்பிள் செல்லாது, நாங்களே வந்து எடுக்க வேண்டும் என்றார்கள்.

"எப்ப வருவிய?"

"ஆளில்லம்மா. எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. மருந்துசாலைக்கு அவள் பெயர் கிடைத்தது. பதினோரு நாள் கழித்து அதிகாரிகள் வந்தபோது அந்த மூட்டை இல்லை. அதன் இடத்தில் நல்ல அதிவிடயம் இருந்தது. அடைத்த டப்பாக்கள் அதற்குள் கடைகளுக்குப் போயிருந்தன. முந்தானையில் கொண்டுபோனது திருட்டு என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பக்கத்து வீட்டு நீதுவின் கைக்குழந்தைக்கு ஆறு மாதம். அவளிடமும் அந்த டப்பா இருந்தது.

"மக்கா, அதத் தூரப்போடு."

"ஜோலி போன கோவமாக்கும் அக்காளுக்கு. இது செடியில்லியா? என்ன செய்யும்?"

"அரளியும் செடிதான் மக்கா."

நீது சிரித்துக்கொண்டே டப்பாவை அலமாரியில் வைத்தாள்.

காஞ்சிரங்குளத்தில் ஒரு குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டு உமையம்மாள் அங்கே போனாள். பிழைத்திருந்தது. தூள் கொடுத்ததை டாக்டரிடம் வீட்டார் சொல்லவே இல்லை. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றுதானே கேட்டார், இது மருந்தா என்றார்கள்.

பிறகு அவளுக்குத் தோன்றியது ஒரே வழி. கம்மலை விற்றாள். கடை கடையாக ஏறி அந்தத் தொகுதி எண் போட்ட டப்பாக்களை வாங்கி, வீட்டுக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். பாறசாலையில் பிரதீஷின் கடையில் இருந்த ஒரு வரிசையையும் மொத்தமாக எடுத்தாள். எதற்கு என்று கேட்டான், சொன்னாள்.

"கேசு வரும் அக்கா, வாயத் தொறக்காதீங்க" என்றான்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனவள் நின்றாள். அலமாரியில் மூன்று வரிசை டப்பாக்கள் இருந்தன.

"ஒங்களப் போல எல்லாக் கடையிலயும் ஆளு மொத்தமா எடுக்குதாம்" என்றான் பிரதீஷ், பில் போட்டபடியே. "சரக்கு நல்லா ஓடுதுன்னு கம்பெனிக்காரன் கூடுதலா எறக்கிட்டுப் போனான்."

ஒரு டப்பாவைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். அதே தொகுதி. அவளுக்குப் பின்னால், தோளில் குழந்தையைச் சாய்த்தபடி ஒரு பெண் அலமாரியைக் காட்டி ஒன்று எடுக்கச் சொன்னாள்.