யாரோ ஒருத்தியின் முந்தானை

காணும் பொங்கலன்று மகாபலிபுரம் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மணலைவிட ஜனம் அதிகம். எனக்கு அப்போது பத்து வயது. புதுப்பட்டினத்திலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறிப் போயிருந்தோம். போலீஸ்காரர் ஒருவர் அப்பாவின் போன் நம்பரை எழுதிய பட்டையை என் கையில் கட்டிவிட்டார். தொலைந்துபோக நான் என்ன பச்சைக் குழந்தையா என்று எனக்கு ஒரே கோபம்.

ஆனால் ஒரு வருஷமாகவே பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரிவதில்லை. இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போனதும் சைக்கிள் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்தால் சைக்கிள் கோவிந்தா! அதனால் இருட்டினால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். செல்லம் கொஞ்சுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

அன்று அம்மா கட்டியிருந்தது ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த புடவை. உப்புத் தண்ணீரில் நனைய இது போதும் என்பது அவள் எண்ணம். அங்கே வந்திருந்த பாதிப் பெண்களுக்கும் அதே எண்ணம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. வெளிச்சம் மங்கிக் கூட்டம் பஸ்ஸுக்கு நகர்ந்தபோது, கைக்குத் தட்டுப்பட்ட முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நெரிசல் கூடவும் பயத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"ம்மா, மெதுவா போம்மா. இருட்டுனா எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. அப்பாகிட்ட சொல்லிடாத, சைக்கிள் வாங்கித் தர மாட்டாரு."

முந்தானை நின்றது. "ஐய, இன்னா பாப்பா, நான் உங்கம்மா இல்லியே" என்றது ஒரு புதுக் குரல்.

நான் வைத்த கூப்பாடு கடல் சத்தத்தையே அமுக்கியிருக்கும். அந்த அம்மாள் என் கையை விடவில்லை. பட்டையிலிருந்த நம்பருக்கு போன் போட்டாள். பஸ் வந்துவிட்டதென்று அவளுடைய ஆட்கள் கூப்பிட்டதற்கு, "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். தலையைத் தடவிக் கொடுத்தாளே தவிர, சத்தியம் செய்யவில்லை. அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள். அம்மா என் முதுகில் ஒன்று வைக்கக் கை ஓங்கியதும், அவள் போட்டு உடைத்துவிட்டாள்.

"அடிக்காதக்கா. பொழுது சாஞ்சா கொயந்திக்குக் கண்ணு தெரியலியாம். பயந்துகினு மறைச்சிக்கீது. டாக்டராண்ட காட்டு."

விழித்திரை நோய், கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போகும், மருந்தில்லை என்றார் டாக்டர். முழுதாகப் போகப் பதினைந்து வருஷம் ஆயிற்று. அதற்குள் கோல் பிடித்து நடக்கவும், பிரெயில் படிக்கவும், பேசும் கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் பழகிவிட்டேன். இன்று கேளம்பாக்கத்தில் ஆபீஸுக்குத் தனியாகப் போய் வருகிறேன், மீன் குழம்பு வைக்கிறேன், உப்பு குறைவு என்று சொன்னால் கணவரோடு சண்டையும் போடுகிறேன். குறையொன்றும் வைக்காத வாழ்க்கை. அன்று அந்த அம்மாளின் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டோம். எங்கிருந்தாலும் அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும்.

அன்று நான் அப்படி நினைக்கவில்லை. பாவி, காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று அவளை வாயாரத் திட்டினேன். ஊர் போய்ச் சேரும்வரை அழுகையை நிறுத்துவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் அம்மா மடியில் படுத்தவள், பஸ் கிளம்புவதற்குள் தூங்கிப்போனேன். அந்த ஒரு வருஷத்தில் அப்படி நான் தூங்கியதே இல்லை. அவ்வளவு ஆத்திரத்தில் எப்படித் தூக்கம் வந்ததென்று காலையில் எழுந்தபோது எனக்குப் புரியவில்லை.