விலாசம் தேடிய எட்டாவது குட்டி

பெரிய ஜாதி நாய்க்குட்டி விற்பவனுக்கு, விற்ற பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். படிப்பு ஆறாம் வகுப்பு. ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரி தன் அல்சேஷன் பெண் நாய் டெய்சியை என்னிடம் விட்டுப்போனார். நல்ல ஜோடியாகத் தேடிச் சேர்த்து முதல் ஈத்து எடுத்தேன். எட்டுக் குட்டிகள். மன்னார்புரத்தில் இருந்தது வாடகை வீடு. "தாயோட நிறுத்திக்குங்க. குட்டி ஒண்ணு தங்கினாலும் வீட்டைக் காலி பண்ணணும்" என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வாங்க வருகிறவர்களுக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தேன். காம்பவுண்டு உள்ள வீடாக இருக்க வேண்டும். கறி போட வேண்டும். வளர்க்க முடியாவிட்டால் தெருவில் விடாமல் என்னிடமே கொண்டுவந்து விட வேண்டும். இந்த மூன்றாவதுதான் வினையாகப் போயிற்று.

தூங்குமூஞ்சி

ஏழு குட்டிகள் போய்விட்டன. எட்டாவது சீசர் மட்டும் நின்றுவிட்டான். இருப்பதிலேயே பெரியவன் அவன்தான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் குரைக்கிற குட்டியைக் கேட்டார்கள். அவனோ யார் வந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து வாலாட்டுவது ஒருவருக்குத்தான். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் மரியதாஸ் வாசலில் "சார், போஸ்ட்!" என்றால் போதும்.

"அண்ணே, இவனை எனக்குக் குடுங்க. இத்தனை வருசமா கடிக்கிற நாயைத்தான் பார்த்திருக்கேன். கடிக்காத நாய் ஒண்ணை வளர்த்துப் பார்க்கணும்" என்றார் மரியதாஸ். வீடு எப்படி என்று கேட்டேன். தென்னூரில் மாடியில் ஒரே அறையாம். எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஆனால் நிபந்தனையை விடவும் வராது. காம்பவுண்டு இல்லையே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "நானே அந்த அறையில தங்கறதில்லையே அண்ணே, நாய் மட்டும் எதுக்கு அங்கயே கெடக்கப்போவுது?"

சிட், உட்காரு, இரி

திருவெறும்பூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை அதிகாரி. நாலு பக்கமும் தோட்டம், சுற்றுச்சுவர், இரும்புக் கேட். மனநிறைவோடு சீசரைக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஜீப்பில் திரும்பி வந்தான். என்ன சொன்னாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறானாம்.

பயந்த நாய் இல்லையே என்று குழம்பிப்போய் விசாரித்தேன். அதிகாரி "சிட்" என்பாராம். அவருடைய அம்மா "உட்காரு" என்பாராம். சமையல்காரர் பாலக்காட்டுப் பக்கம். அவர் மலையாளத்தில் "இரி" என்பாராம். உட்கார்ந்தவனைப் பார்த்துக் குழந்தைகள் "ரன், ரன்" என்று கத்துவார்களாம். அதிகாரி நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. "நாய் மேல தப்பில்லைங்க. எங்க வீட்டுலதான் இன்னும் ஒரு பாஷை முடிவாகலை."

விருந்தாளி

வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். காம்பவுண்டு வைத்த பெரிய வீடு, கொள்ளிடக் கரையில் தென்னந்தோப்பு. சீசரின் வம்சாவளிக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "பேஷ், நாலு தலைமுறை இருக்கே. நட்சத்திரம் மட்டும் இல்லை" என்றார். கறி என்று வாயெடுத்தேன். "பெருமாளுக்குத் தளிகை நடக்கிற ஆத்துல அந்தப் பேச்சே கூடாது. தோப்பிலே தோட்டக்காரன் போடுவான். சாப்பாடு அங்கே, காவல் இங்கே" என்றார். என் நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்றே எனக்குப் பிடிபடவில்லை. கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துத் தோட்டக்காரர் தன் ஊருக்கே போய்விட்டாராம். அதன்பிறகு சீசர் தயிர்சாதத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை; விலா எலும்பு தெரியத் திரும்பி வந்தான். கூட வந்த வக்கீல் வீட்டு மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அது தோட்டக்காரனோடதான் குடித்தனம் பண்ணிண்டிருந்தது. எங்காத்துக்கு விருந்தாளியாட்டம் வந்துட்டுப் போயிண்டிருந்தது, அவ்வளவுதான்."

முறை

இப்போது வீட்டுக்காரர் மாதக் கடைசி என்று கெடு வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். சீசரோடு பிறந்த ராணியை வாங்கியவர். கண்ணுக்கு எட்டியவரை வயல், வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை. இதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் அவர் வந்தது ராணிக்கு ஜோடி சேர்க்க. அண்ணன் தங்கை சேர்ந்தால் குட்டிகள் ஊனமாகப் பிறக்கலாம், மேலும் ராணிக்கு இரண்டு வயதாவது நிரம்ப வேண்டும் என்றேன்.

"சரிங்க, இவனுக்கு மாமன் மக முறையில ஒண்ணு கொண்டாந்தா ஆவுமா?" என்றார். நமக்கு ஆகிற முறை நாய்க்கு ஆகுமா என்று யோசித்துப் பார்த்தேன், தலை சுற்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று முடியாது என்றேன். ஜோடி இல்லாமல் சீசரைக் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்குப் பொண்ணு குடுத்தவங்ககூட இம்புட்டு முறை பாக்கலீங்க!"

சார், போஸ்ட்!

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. டெய்சியையும் சீசரையும் வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது? சீசர் சோறு தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வாசலில் "சார், போஸ்ட்!" என்று குரல் கேட்டது. அதுவரை படுத்தே கிடந்தவன் எழுந்து ஓடினான். மரியதாஸ் காலடியில் உட்கார்ந்தான்; அவர் எந்தப் பாஷையிலும் சொல்லவில்லை.

நான் மெதுவாக, "தென்னூர்ல அந்த அறை அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறதாம். விடியற்காலையில் காவேரிக் கரைவரை நடப்பாராம். தபால் கொடுத்து முடித்துவிட்டு, கால் ஓய்வதற்காகத் திரும்பவும் நடப்பாராம். கறி, அவர் போகிற கோயில் பாதிரியார் வீட்டுச் சமையல்காரர் மூலம் கிடைக்குமாம். சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன். காம்பவுண்டு வைத்த இரண்டு வீட்டிலிருந்தும் எப்படித் திரும்பி வந்தான் என்றே புரியவில்லை என்று புலம்பினேன். அவர் சிரித்தார். "விலாசம் தப்பா இருந்தா எதுவும் திரும்பித்தான் அண்ணே வரும்."

டெய்சியின் அடுத்த ஈத்துக்குக் குட்டி கேட்டு வருகிறவர்களிடம் வீட்டு அளவைக் கேட்பதில்லை, செருப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். ஆனால் போன வாரம் வந்தவர் புதுச் செருப்பு போட்டிருந்தார், அவருக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று இன்னும் விளங்கவில்லை.