மாடசாமிக்கு ஜப்பான் நெருப்பு

அதனால்தான் சொல்கிறேன், நீங்களும் சாமியைப் பச்சை குத்துவதாக நேர்ந்திருந்தால், கிளம்பும் முன் அந்தச் சாமிக்குப் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய் நின்றேன்.

போன மாதம் என் வீட்டுக்காரர் டெங்குவில் படுத்துவிட்டார். அவர் எழுந்தால் பச்சை குத்துவதாக எங்கள் குலசாமி சுடலைமாடனிடம் நேர்ந்துகொண்டேன். எழுந்துவிட்டார். வருகிற வெள்ளி ஊரில் கோயில் கொடை. அதற்குள் குத்தாவிட்டால் எந்த முகத்தோடு அவன் முன் நிற்பது?

செவ்வாய் காலை 9.40க்கு விம்கோ நகரில் மின்ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய், அரை மணியில் ராயபுரம். அங்கிருந்து பச்சை குத்தும் கடை ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோ எண்பது கேட்டு ஐம்பதுக்கு இறங்கியது. (மீன் வாசனை ஆகாதவர்கள் நடக்க வேண்டாம்.)

பச்சை குத்துகிற ஸ்டீபனுக்கு முப்பது வயசிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, தோள்வரை பச்சை குத்திய மீனும் அலையும். சுவர் முழுக்க ஜப்பான் படங்கள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பார்களாம். அந்த ஊரில் பச்சை குத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வரைவார்களாம். ஸ்டீபனும் அப்படியே.

நடுச்சுவரில் ஒரு படம். உருட்டிய விழி, கோரைப்பல், கையில் வாள், பின்னால் தீ. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையிலிருந்த திருநீற்றை அதன் நெற்றியில் அப்பினேன்.

"யம்மா! இன்னா பண்ணிகினு கீற?"

"எங்க மாடன்லா தம்பி! உனக்கு எங்க கெடச்சான்?"

"அது ஜப்பான் சாமிம்மா. படத்துக்குக் கண்ணாடி போட்டதால பொழச்சிது."

"முழியப் பாரு, அவனேதான்."

"உன் சாமி போட்டோ காட்டு, பாத்துடலாம்."

அப்போதுதான் விழித்தேன். எங்கள் கோயிலில் மாடனுக்கு உருவமே கிடையாது. ஆள் உயரத்துக்குத் தூண் மாதிரி, சுண்ணாம்பு அடித்த மண் பீடம்தான். அதை ஸ்டீபனிடமும் சொன்னேன். அவன் முகத்தை ஐம்பத்து நான்கு வருஷமாக மனசுக்குள்தான் பார்த்திருக்கிறேன்.

தப்பான சாமியைக் குத்திவிட்டால் கழுவினால் போகுமா? பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். தலையிலிருந்த மல்லிகை ஒரு பொட்டலத்தில், கடை மாதா படத்து ரோஜாவில் ஓர் இதழ் இன்னொன்றில். வெள்ளை வந்தால் அந்தப் படம் சரி, சிவப்பு வந்தால் கூடாது. ஸ்டீபன் சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அய்ய, இதுக்குப் போயி பேஜாராவாதம்மா. அந்தத் தூணையே போட்டுடலாம். பின்னால மட்டும் இந்த நெருப்பு."

"தூணுக்கு எதுக்கு தம்பி நெருப்பு?"

"வெறும் தூண போட்டா, இன்னா மைல்கல்லானு கேப்பாங்கோ."

மறுபடி கட்டினோம். வெள்ளை!

வலது முன்கையில் ஒன்றே முக்கால் மணி நேரம், 2,500 ரூபாய். வலி தாங்காமல் நான் "மாடா, மாடா" என்று சொல்ல, கடைசியில் ஸ்டீபனும் கூடச் சொன்னார். எங்கோ கடல் தாண்டி ஒருவர் பலகையில் செதுக்கிய தீ, எங்கள் பீடத்துக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்திவிட்டது.

போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். புது ஊசி பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். ஞாயிறு பூசை முடிந்து மதியம்தான் திறப்பார்.

ஐயோ, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மாடனிடம் நான் சொன்னது, வீட்டுக்காரர் கையில் குத்துவதாக. ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற மனுஷர், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார்.