நாலுகால் அண்ணன் வேண்டாம் என்று சொன்ன கார்

எங்கள் கார் ஷோரூமின் மூத்த சேல்ஸ்மேனுக்கு நாலுகால் என்று பெயர் வைத்தது நான்தான். வரவேற்பு மேஜையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? நான்கு சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றுகிற ஆல் வீல் டிரைவ் கார், கிளைக்கு ஒன்றாக வந்தபோது எங்களுக்கும் ஒன்று வந்தது. அதைப் பற்றி ஆரம்பித்தால் அண்ணன் பேச்சு நாலுகால் பாய்ச்சல்தான். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு, சாதா மாடலை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் உள்ளங்கை மாதிரி தட்டை. ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது ரயில்வே மேம்பாலம். மலைமேல் இருக்கும் எங்கள் இன்னொரு கிளையில் கதையே வேறு. மழையில் சேறும் குளிரில் பனியும் பிடித்த சாலை அது. இந்தக் காருக்காக அங்கே ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

அந்த மலையூர் ஆஸ்பத்திரியில்தான் அண்ணி நர்ஸ். மாற்றலாகிப் போனவர். சாலை கெட்டால் பஸ் பாதியிலேயே நின்றுவிடும். லீவில் பார்க்கப் போன அண்ணன் பார்க்காமலே திரும்பி வருவார். மறுநாள் அந்தக் காரை அவரே துடைப்பார். வண்டி கழுவுகிறவர் கோபித்துக்கொண்டாலும் விடமாட்டார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. மலைக் கிளையில் ஆள் போதவில்லை என்றதும், இந்த மாதத்துக்குள் அந்தக் கார் விற்காவிட்டால் நீங்களே மேலே ஓட்டிப்போய் அங்கேயே வேலை பாருங்கள் என்றார் அண்ணனிடம். விற்றுவிட்டால்? இந்த ஊரிலும் கேட்கிறார்கள் என்று அர்த்தம். விற்கத் தெரிந்தவர் இங்கேயே இருக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அண்ணன் வாய்க்குப் பூட்டு. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொன்னார். ரெயின்கோட் மாட்ட மேலே தன் வீட்டு வாசலில் அவருக்கென்று ஒரு கொக்கி அடித்து வைத்திருப்பதாக அண்ணி போனில் சொன்னாராம். அதை எங்கள் எல்லோரிடமும், கழுவுகிறவர் உட்பட, அண்ணன் சொல்லிவிட்டார்.

கடைசி வாரத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். நேரே அந்தக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று அண்ணன் கேட்டார். கடைக்கும் வீட்டுக்கும்தான் என்றார் வந்தவர்.

"அப்ப இது வேணாங்க," என்றார் அண்ணன். "எடை ஜாஸ்தி, பெட்ரோலும் கூடக் குடிக்கும். மேம்பாலம் ஏற இது எதுக்கு? சாதா மாடலே போதும்."

அத்தனையும் உண்மை. உண்மையும் அவர் ஆசையும் ஒரே பக்கம் நின்ற நாள் அது. நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் வியாபாரிதான். விலை கூடின சரக்க வேணாம்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்கள நம்பி எதையும் வாங்கலாம். இதையே குடுங்க."

அண்ணன் மறுபடியும் வேண்டாம் என்றார். அவர் மறுபடியும் அசந்துபோய் முன்பணத்தை எடுத்தார்.

சாவி கொடுக்கும்போது அண்ணன் சிரித்தார், அது சிரிப்பு இல்லை. இன்னும் இரண்டு வரவழைக்கிறேன் என்று மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கெடுத்ததே வாய்தான்.

கார் போன பிறகு தரையில் நான்கு டயர் தடம் இருந்தது. அதன் நடுவில் நின்று அண்ணிக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டார். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"வேணாம்னு சொன்னீங்களா?" என்றார் அண்ணி.

"ரெண்டு தடவ சொன்னேன்."

"கெடுத்தீங்க போங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்டயும் அப்படித்தான, நான் உனக்கு வேணாம், நல்லா யோசிச்சுக்கன்னீங்க. அப்புறம் நான் வேற யாரையாவது பாத்தேனா?"

அண்ணன் குனிந்து டயர் தடத்தை ஷூவால் தேய்த்தார். அது போகவில்லை.

"அந்தக் கொக்கிய மட்டும் புடுங்கிடாத," என்றார்.