அப்பா போட்ட கம்பி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். அஞ்சாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மெயின் போர்டை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் பழைய பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கியதும் கருகிய ரப்பர் வாடை வந்தது. "யாருண்ணே இவ்ளோ தடியா கம்பி போட்டது? இது உருகி கரண்ட்ட நிறுத்தறதுக்குள்ள வீடே எரிஞ்சிடும்!"

அப்பா அந்தக் கம்பியைப் போட்டபோது எனக்கு எட்டு வயது. அம்மா அயர்ன் பெட்டி போட்டாலே ஃபியூஸ் போகும். அப்பா செம்புக் கம்பியை மூன்றாக முறுக்கி மாட்டி, "இனிமே எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்" என்று சிரித்தார். மறுவாரம் இதே வாடை. சுவரில் ஒயர் எரிந்தது. சாக்கால் அடித்து அணைத்த அம்மாவின் வலது கை வெந்து, விரல்கள் மடங்கிப்போயின. "பெட்டிய அணைக்காம உட்டியா, அறிவுகெட்டவளே?" என்றார் அப்பா. சாகும்வரை அம்மாவும் தன் தப்பு என்றே சொன்னாள். இந்த எலக்ட்ரீஷியன் சொல்லும்வரை நானும் நம்பினேன்.

எலக்ட்ரீஷியன் செலவைச் சொன்னதும் கட்டிலில் படுத்திருந்த அப்பா கேட்டார்: "இருபத்தெட்டாயிரமா? எதுக்குடா தண்டச்செலவு? நான் போட்ட கம்பி ஒருநாளாவது போச்சா?"

கம்பியை அவர் மடியில் எறிந்துவிட்டு, "எவ்ளோ ஆனாலும் எல்லாத்தையும் பிடுங்குங்க தம்பி" என்று கத்தினேன்.

தப்பு அம்மாவுடையது இல்லை என்று அவரிடம் சொல்லாததை மூன்று மாதம் கழித்து இந்தத் தாளில் எழுதுகிறேன். ஐப்பசி ஐந்தாம் தேதி.