நிறுத்துட்டியா, நிறுத்திட்டியா: ஒரு சர்வருக்காகக் காஞ்சிபுரம் போனது

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையின் தரவுத்தளத்தை நான் நிறுத்தியதாகச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. புதனும் வியாழனும் பிற்பகலில் பில் போட முடியாமல் கடை நின்றதும், உரிமையாளர் ஏகாம்பரம் வேலையாட்கள் எல்லாரும் கேட்கும்படி, "தாம்பரத்துல உக்காந்துகினு பெரியவர் எதையோ அமுக்கிட்டாரு" என்றாராம். இன்னொரு முறை நடந்தால், வாலாஜாபாத் கிளைக்குக் கணினி போட்ட கம்பெனியிடமே வேலையைக் கொடுத்துவிடுவாராம். யாரிடமும் படிக்காமல் நானே கற்று, தாம்பரத்து வீட்டிலிருந்தே பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் சர்வர் அது. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரகடம் வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காலையில் போவதானால் இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில். வாலாஜாபாத் வழியில்தான் வருகிறது. குற்றம் நடந்த இடம் அதுதான் என்று தெரிந்திருந்தால் அங்கேயே இறங்கி, மேற்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் போகாமல் இருந்திருப்பேன். காஞ்சிபுரத்தில் மிளகும் சுக்கும் மணக்கும் இட்லி, ஒரு காபி. கோபமெல்லாம் அதற்கப்புறம்தான். வெறும் வயிற்றோடு நான் சர்வரைத் தொடுவதில்லை.

கடையில் சர்வீஸ் மேனேஜரைத் திறந்தேன். தரவுத்தளம் ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்டும் திரை அது. அதிலிருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம். மேலே எந்தக் கணினியின் பெயர் இருக்கிறதோ, கட்டளை அதற்குத்தான் போகும். அது உங்கள் எதிரில் இருக்கலாம், வேறு ஊரிலும் இருக்கலாம். பச்சை விளக்கு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்தேன்.

"பாத்துக்கினே இருந்தா ஆச்சா சார்?" என்றார் ஏகாம்பரம்.

"ஆகும்" என்றேன்.

அவர் கிளைக்குப் போன் போட்டார். அங்கே நெசவாளர்களுக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பவர் தேவகி.

"இன்னா தேவகி, நிறுத்துட்டியாம்மா?"

"தோ, நிறுத்திட்டேங்க!"

என் திரையில் விளக்கு சிவப்பானது.

"போனை வைக்காதீங்க" என்று சொல்லி, சர்வீஸைத் திரும்ப ஓட்டினேன். "இன்னொரு வாட்டி கேளுங்க."

கேட்டார். மறுபடியும் சிவப்பு.

"இன்னா சார், மந்திரம் கிந்திரம் பண்றீங்களா?" என்றார். சர்வீஸை மறுபடி ஓட்டிவிட்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன்.

தேவகி ஒளிக்கவில்லை. "கம்பெனிக்காரரு தான் சார், செவ்வாக்கெழம வந்து, தெனம் கணக்க காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ நிறுத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு. மொதலாளியும் மூணு மணி ஆனா நிறுத்திட்டியான்றாரு. நிறுத்தலனா திட்டுவாரே!"

"அவர் கேட்டது பட்டும்மா. பட்டு நிறுத்துட்டியான்னு."

"அய்ய! நூலு காலையிலயே நிறுத்தாச்சே!" சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.

கிளைக் கணினியை நிறுத்துவதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். ஆனால் திரையின் மேலே காஞ்சிபுரத்தின் பெயர். கம்பெனிக்காரர் சோதித்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார். தேவகி வாங்கித் தந்த டீ நன்றாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது, நன்றாகத் தூங்கினேன்.

இனிச் செய்ய வேண்டியவை. கிளையிலிருந்து காஞ்சிபுரத்தை நிறுத்தும் உரிமையைக் கம்பெனிக்காரர் திங்கட்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். பார்க்கும் உரிமை போதும். காப்பி எடுக்கத் தரவுத்தளத்தை நிறுத்தவே வேண்டியதில்லை, அதையும் அவர் படித்துவிட்டு வரட்டும். தேவகி இனி எதையும் நிறுத்த வேண்டாம், நூலைத் தவிர. வெளியூர்க் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், பட்டனைத் தொடுமுன் மேலே உள்ள பெயரை வாய்விட்டுப் படியுங்கள். ஏகாம்பரம் போனில் "எடை போட்டுட்டியா" என்று கேட்க வேண்டும். பிறகு, அன்றைக்கு எத்தனை பேர் காதுபட என்னைச் சொன்னாரோ அத்தனை பேரையும் கூப்பிட்டு, நிறுத்தியது பெரியவர் இல்லை என்று சொல்ல வேண்டும். நான் இல்லாதபோது சொல்ல வேண்டாம். பஸ் ஏறி வருகிறேன்.